பெற்ற நன்மை: பெலன் – எங்கள் சேகரக் கமிட்டியாருக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் சபைக் குருவானவர் ஐயரவாள் அவர்களுக்கும், சபையை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டி அங்கத்தினர்களுக்கும்,

இந்த மாதம் முதல் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆலய வாசலில் ஒரு தாள் கொடுத்தீர்கள். சபையின் நன்றித் திருநாளான ஸ்தோத்திரப் பண்டிகையில், கர்த்தர் தங்களுக்குச் செய்ததைச் சாட்சியாகச் சொல்ல விரும்புகிறவர்கள் நிரப்பித் தர வேண்டிய தாள். பெயர், தெரு, சங்கக் காணிக்கை என்கிற சபைச் சந்தா எதுவரை செலுத்தப்பட்டிருக்கிறது என்று மூன்று கோடுகள். நான்காவது கோட்டில் 'பெற்ற நன்மை'. புரியாதவர்களுக்காக அதன் கீழே உதாரணமும் அச்சிட்டிருந்தீர்கள்: வேலை, திருமணம், குழந்தை, சொந்த வீடு, வெளிநாட்டுப் பயணம், சுகம். அந்த ஆறையும் இரண்டு முறை படித்தேன். பிறகு கோட்டின் மேல் 'பெலன்' என்று ஒரே ஒரு சொல் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

புதன்கிழமை தாள் திரும்பி வந்தது. அந்தச் சொல் சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தது. கொண்டுவந்த தம்பி நல்ல பிள்ளை. திண்ணையில் உட்காரக்கூடக் கூச்சப்பட்டார். "அண்ணாச்சி, கமிட்டியில் பேசினோம். ஜெயம் பெற்றவர்கள் மட்டும் சொன்னால் போதும் என்று முடிவாகியிருக்கிறது. கடை மறுபடி திறந்த பிறகு நீங்கள் தாராளமாகச் சொல்லுங்கள். இப்போது சொன்னால் சபையார் சோர்ந்துபோவார்கள்" என்றார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. முடிவு எடுத்தவர்கள் நீங்கள். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். இதைச் சபையார் எல்லாரும் படிக்க வேண்டும் என்றும் விரும்புகிறேன்.

என் கடையை உங்களில் பெரும்பாலோருக்குத் தெரியும். 2004 முதல் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த பலசரக்குக் கடை. கல்லாப்பெட்டிக்கு மேலே சுவரில் நீல எழுத்தில் ஒரு வசனம் எழுதி வைத்திருந்தேன். "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு." பிலிப்பியர் நான்காம் அதிகாரம், பதின்மூன்றாம் வசனம். நம் ஊரில் பாதி மோட்டார் சைக்கிள்களிலும் இதே வசனம்தான் ஒட்டியிருக்கிறது. வியாபாரம் நன்றாக நடந்த காலத்தில் 'எல்லாவற்றையும்' என்பதற்கு நான் கொடுத்துவந்த அர்த்தம் விருதுநகரிலிருந்து ஒரே நேரத்தில் முப்பது மூட்டை துவரம் பருப்பு இறக்குவது. வேறு அர்த்தம் உண்டு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

என் மேலேயே ஒரு குற்றச்சாட்டை வைத்துவிட்டுத்தான் உங்களிடம் வர வேண்டும். 2016 ஸ்தோத்திரப் பண்டிகையில் நானும் சாட்சி சொன்னேன். மாடி கட்டி முடித்த வருஷம் அது. வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு மைக் முன்னால் நின்று, கர்த்தர் என்னை வாலாக்காமல் தலையாக்கினார் என்று சொன்னேன். எல்லாரும் 'அல்லேலூயா' என்றார்கள். அன்று காணிக்கைப் பொருள்களின் ஏலத்தில் ஒரு பூசணிக்காயை 3,200 ரூபாய்க்கு எடுத்தேன். காசைவிட, ஐயருக்குத் துணையாகச் சபை ஊழியம் செய்யும் நம் உபதேசியார் மூன்று தரம் என் பெயரைச் சொல்லிக் கூவியதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது. அப்போது பெண்கள் பக்கம் ஓரமாக ஒரு பாட்டி இருந்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான் அவருடைய ஒரே மகன் ஆற்றில் போயிருந்தான். நான் தலையானேன் என்று சொன்னபோது அவர் முந்தானையை எடுத்து வாயை மூடிக்கொண்டதை மைக் முன்னாலிருந்தே பார்த்தேன். பார்த்துவிட்டும் தொடர்ந்து பேசினேன். நீங்கள் இன்று அச்சடித்திருக்கிற தாளுக்கு அன்றைக்கு நான் பொருத்தமான ஆள்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. அதை நான் விவரிக்க வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. தாமிரபரணி கரை தாண்டியது. ஏரல் கடைத்தெரு முழுகியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்று, நூற்றுக்கணக்கானோர் தண்ணீருக்கு நடுவே சிக்கியதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. என் கடையில் மார்பளவு தண்ணீர். சீனி மூட்டைகள் சாக்கை மட்டும் விட்டுவிட்டுக் கரைந்துபோயிருந்தன. பயறு சாக்குக்குள்ளேயே முளைவிட்டிருந்தது. ஷட்டரைத் தூக்கியபோது வந்த நாற்றத்தை என் மனைவி இன்றைக்கும் சொல்லுவாள். பற்று நோட்டுகள் நான்கும் கூழாகிவிட்டன. யார் எனக்கு எவ்வளவு தர வேண்டும் என்பது அவற்றில் இருந்தது. நான் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்பது மட்டும் மொத்த வியாபாரிகளின் நோட்டுகளில் பத்திரமாக இருந்தது.

அதற்குப் பதினான்காம் நாள் வருஷப்பிறப்பு ஆராதனை. வழக்கம்போல, ஆளுக்கொரு வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டைகளைத் தட்டில் வைத்து நீட்டினீர்கள். எனக்கு வந்தது யோவேல் 2:25. வெட்டுக்கிளிகள் பட்சித்த வருஷங்களின் விளைவைத் திரும்ப அளிப்பேன் என்ற வசனம். ஆலயத்தில் அழுதவன் நான் ஒருவன் மட்டுமில்லை. அடுத்த வாரம் நடந்த விசேஷ கூட்டத்தில் வெளியூர் பிரசங்கியார் ஒருவர் வெள்ளத்தில் இழந்தவர்கள் எல்லாரையும் கையுயர்த்தச் சொல்லி, இந்த ஆண்டே இரட்டிப்பாக வரும், விசுவாசித்தால் போதும் என்றார். விசுவாசித்தேன். மனைவியின் வளையல் நான்கையும் அடகு வைத்து 2024 பிப்ரவரியில் கடையை மறுபடி திறந்தேன். ஊரே வெள்ளத்தில் நொடிந்திருந்ததால் எல்லாரும் கடனுக்கே வாங்கினார்கள். கொடுக்க மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 2024 ஆகஸ்ட் 31, சனிக்கிழமை இரவு, கடையைக் கடைசியாக மூடினேன். பதினொரு பேருக்குச் சேர்த்து 6,40,000 ரூபாய் பாக்கி.

அன்று இரவு ஷட்டரை உள்ளிருந்து இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன். என் மனம் எங்கெல்லாம் போனது என்பதை இங்கே எழுத மாட்டேன். சுவரில் அந்த நீல எழுத்து வசனம் இருந்தது. தண்ணீர் ஏறிய மட்டம் வரை சுண்ணாம்பு உதிர்ந்து, வசனத்தின் கீழ் வரி பாதி அழிந்திருந்தது. ஏறத்தாழ ஒன்பது மணிக்கு ஷட்டரை யாரோ தட்டினார்கள். ஓய்வுபெற்ற உபதேசியார். எழுபத்தெட்டு வயது. கையில் டார்ச் லைட். உள்ளே வந்து காலி எண்ணெய் டின் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். ஜெபிக்கவில்லை. வசனம் சொல்லவில்லை. ஒரு மணி நேரம் இருக்கும். கொசு அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "சாப்பிட்டீர்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் வீட்டுக்கு அழைத்துப் போனார். கஞ்சியும் தேங்காய்த் துவையலும். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை அவர் மனைவி விசிறிக்கொண்டிருந்தார்.

எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே படுத்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்று கேட்டபோது பரலோகத்திலிருந்து அவருக்குப் பிரசங்கம் வரவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் வந்தன. எழுந்திருந்து சாப்பிடு என்றுதான் தூதன் சொன்னான். சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொண்டவரை அவன் திட்டவுமில்லை. இரண்டாம் தரம் எழுப்பி இன்னொரு தரம் சாப்பிடச் சொன்னான். ஓய்வுநாள் பள்ளியில் இந்தக் கதையை எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். அந்த அடையின் ருசி என்ன என்பது அந்தக் கஞ்சியைக் குடித்தபோதுதான் தெரிந்தது.

மறுநாள் செப்டம்பர் முதல் ஞாயிறு. திருவிருந்து ஆராதனை. ஐயரவாள், அன்று நான் வந்திருந்தேன். தாங்கள் அப்பத்தை என் கையில் வைத்தீர்கள். வெளியே வந்தபோது செய்தி ஊருக்குத் தெரிந்துவிட்டிருந்தது. என்னைத் தாண்டிப் போனவர்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டே போனார்கள். அந்த வாரத்தில் கமிட்டியிலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்தீர்கள். காபி குடித்தீர்கள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "குடும்பத்தில் அறிக்கையிடாத பாவம் ஏதாவது இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தீர்களா?" என்று கேட்டீர்கள். என் மனைவி அடுக்களைக்குள் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கேள்விக்குப் பிறகு அவள் நான்கு மாதம் ஆலயத்துக்கு வரவில்லை. வெள்ளத்தை மன்னித்துவிட்டேன், அந்தக் காபியை மன்னிக்க முடியவில்லை என்று இன்றும் சொல்லுகிறாள்.

கேட்டவர்கள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். வேதத்தில், எல்லாவற்றையும் இழந்து தவித்த யோபுவின் நண்பர்களும் கெட்டவர்கள் இல்லை. ஏழு நாளும் ஏழு இரவும் அவரோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார்கள். அந்த மட்டும் சரியாகவே நடந்துகொண்டார்கள். வாயைத் திறந்த பிறகுதான் கோளாறு. நீ பாவம் செய்திருப்பாய் என்று பக்கம் பக்கமாகப் பேசிய அவர்கள் மேல்தான் கடைசியில் தேவனுக்குக் கோபம் வந்தது. புலம்பித் தீர்த்த யோபுவின் மேல் வரவில்லை. இதை நான் உங்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருப்பது எனக்கே சங்கடமாக இருக்கிறது.

உபதேசியார் அதற்குப் பின் தினமும் விடியற்காலம் ஐந்தரை மணிக்கு வந்தார். பதினேழு நாள். முதல் மூன்று நாளும் 88ஆம் சங்கீதத்தையே வாசித்தார். நம் ஆலயத்தில் அந்தச் சங்கீதத்தை வாசித்து நான் கேட்டதே இல்லை. கடைசி வசனம் வரை விடிவே வராத சங்கீதம் அது. தெரிந்தவர்கள் எல்லாரும் மறைந்துபோனார்கள் என்பதோடு நின்றுவிடுகிறது. 'ஆனாலும் ஸ்தோத்திரம்' என்று ஒரு வரி கூட இல்லை. இதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்களே என்று கேட்டேன். "ஜெபிக்கத் தெரியாத நாளில் ஜெபிக்கத்தான்" என்றார். எனக்குப் பெலன் வந்த இடம் எது என்று கேட்டால் இந்த இடத்தைத்தான் காட்டுவேன். என் நிலைமை தேவனுக்குத் தெரியாத நிலைமை இல்லை, அதற்கு அவருடைய புத்தகத்திலேயே பாட்டு இருக்கிறது என்று தெரிந்ததும், மூச்சு கொஞ்சம் சீராக வந்தது.

நான்காம் நாள்தான் அவர் பிலிப்பியரை எடுத்தார். பதின்மூன்றாம் வசனம் எனக்கு மனப்பாடம் என்றேன். பன்னிரண்டாம் வசனத்தை வாசிக்கச் சொன்னார். "தாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும், வாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும்." அப்போஸ்தலன் பவுல் இதை எழுதியது காவலில் இருந்தபோது. பட்டினியாயிருக்கவும் குறைவுபடவும் போதிக்கப்பட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் எல்லாவற்றையும் செய்யப் பெலனுண்டு என்கிறார். இருபது வருஷம் என் தலைக்கு மேலே இருந்த வசனத்துக்கு முன்னால் ஒரு வசனம் இருந்திருக்கிறது. பெயிண்டரிடம் அதையும் சேர்த்து எழுதச் சொல்லியிருந்தால் இன்னும் 400 ரூபாய் ஆகியிருக்கும், அவ்வளவுதான்.

அந்தப் பெலன் எனக்கு என்ன செய்தது என்று மேடையில் சொல்ல விடமாட்டீர்கள் என்பதால் இங்கே சொல்லிவிடுகிறேன். பதினொரு கடன்காரர்களின் பெயரையும் தொகையையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொருவர் வீட்டுக்கும் நானே போனேன். ஒளிந்துகொள்ளவில்லை, செல்போனை அணைத்து வைக்கவில்லை. உபதேசியார் விருதுநகர் வரை பஸ்ஸில் கூட வந்தார். ஒருவர் தெருவிலேயே நிறுத்தி வைத்துத் திட்டினார். அவர் திட்டியதில் பாதி நியாயம் இருந்தது, நின்று கேட்டேன். காயல்பட்டினத்து முதலாளி ஒருவருக்கு 90,000 கொடுக்க வேண்டியிருந்தது. அவர் சர்பத் வரவழைத்துக் கொடுத்துவிட்டு, "கொடுக்கிறபோது கொடுங்கள். அல்லா உங்கள் எண்ணத்தைப் பார்க்கிறான்" என்றார். நம் சபையில் எனக்குக் கிடைக்காத ஆறுதல் அவர் கடை வாசலில் கிடைத்தது என்பதையும் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. இப்போது வேறொருவர் கடையில் சரக்கு நிறுத்துப் போடுகிறேன். நான் முதலாளியாக இருந்தபோது என்னிடம் வேலை பார்த்த பையன்தான் அந்தக் கடையின் மேலாளர். முதல் மாதம் அவன் என்னைக் கூப்பிடத் தயங்கினான். நானே போய், எந்த மூட்டையை முதலில் பிரிக்கட்டும் என்று கேட்டேன். தாழ்ந்திருக்கவும் தெரியும் என்பது இதுதான் போலிருக்கிறது. பாக்கி இன்றைக்கு 4,10,000. இந்தக் கணக்கும் ஜெயம்தானே என்று வாதாட மாட்டேன். அப்படி வாதாடினால் நானும் உங்கள் தாளையே நிரப்புகிறவனாகிவிடுவேன். மீதியைத் தீர்க்காமலே நான் செத்துப்போனாலும், அந்தப் பதினேழு விடியற்காலங்களில் கர்த்தர் என்னோடு இருந்தது உண்மை.

அந்த யோவேல் வசனத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாக்குத்தத்தம் பொய்த்துவிட்டதா என்று பல இரவுகள் அல்லாடினேன். முழு அதிகாரத்தையும் வாசித்தபோது, அது வஸ்திரங்களையல்ல, இருதயத்தைக் கிழித்துக்கொண்டு திரும்பச் சொல்லி ஒரு ஜனம் முழுவதற்கும் சொல்லப்பட்டது என்று தெரிந்தது. அதைச் சரக்குச் சிட்டையாக வாசித்தது என் தவறு. வாசிக்கக் கற்றுக்கொடுத்தது யார் என்று கேட்டால் அட்டையின் அளவையும் பார்க்க வேண்டும்: இரண்டு அங்குலத்துக்கு மூன்று அங்குலம். அதற்குள் ஒரு வரிதான் அடங்கும். வெள்ளம் வடிந்து இரண்டு வாரம் ஆன ஜனங்களின் கையில் அந்த ஒரு வரியை மட்டும் கொடுத்து அனுப்பினீர்கள். அதை நம்பி வளையலை அடகு வைத்தவர்களை, அது பலிக்காமல் போனதும், விசுவாசம் போதாதவர்கள் என்றீர்கள். இரண்டு பக்கமும் கூராக இருக்கிற இந்தக் கத்தியை யார் கையில் கொடுத்தாலும் வெட்டுப்படுவது கடனாளிதான்.

நம் திருநெல்வேலிச் சீமையிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மா. 1931ல் களக்காட்டில் ஒரு குழியில் தவறி விழுந்தார். அதற்குப் பின் 1951ல் கண்மூடும்வரை, ஏறத்தாழ இருபது ஆண்டுகள், பெரும்பாலும் படுக்கை அறையிலேயே கிடந்தார். எத்தனை பிள்ளைகள் அவருக்காக ஜெபித்திருப்பார்கள்! எழுந்து நடமாடவில்லை. படுத்தபடியே எழுதினார், படுத்தபடியே அத்தனை பிள்ளைகளுக்கும் தாயாக இருந்தார். அவர் கல்லறையில் 'அம்மா' என்று எழுதியிருப்பதை நம் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் வேன் வைத்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்களே. அவர் நம் தாளை நிரப்பிக் கொடுத்திருந்தால், சுகம் என்ற இடத்தில் என்ன எழுதியிருப்பார்? அந்தத் தாளையும் சிவப்பு மையால் அடித்திருப்பீர்களா?

சபையார் சோர்ந்துபோவார்கள் என்கிறீர்கள். மேடையிலிருந்து பார்த்தால் தலைகள் மட்டுமே தெரியும். நான் பின்னால் மூன்றாவது தூணருகே உட்காருகிறவன். வாரத்துக்கு மூன்று தரம் டயாலிசிஸுக்குப் போய் வருகிறவர் என் பக்கத்தில் இருக்கிறார். அவருக்கு முன்னால், குடித்துவிட்டு வரும் மகனுக்குக் கதவைத் திறக்க இரவு ஒரு மணி வரை பீடி சுற்றிக்கொண்டு விழித்திருக்கிற தாய். பிளஸ் டூவில் கணக்கில் தவறிய ஒரு பையன் முன்பு அந்தப் பெஞ்சில் உட்காருவான். மதிப்பெண் எடுத்தவர்களை வரிசையாக மேலே அழைத்துச் சில்வர் பாத்திரம் கொடுத்த ஞாயிற்றுக்குப் பிறகு அவனைக் காணோம். விசாரித்ததில், யாரும் அவன் வீட்டுக்குப் போகவில்லை என்று தெரிந்தது. இவர்களையெல்லாம் என் மூன்று நிமிடப் பேச்சு சோர்வடையச் செய்யாது. அவர்கள் ஏற்கெனவே சோர்ந்துதான் வருகிறார்கள். வெளிநாட்டுப் பயணம் கிடைத்த சாட்சிகளை ஆறு ஏழு கேட்டுவிட்டு, கர்த்தர் நம் தெருவுக்கு மட்டும் வராமல் போகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். நன்மை பெற்றவர்கள் வாயை மூட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. என் மகளுக்கு மருத்துவமனையில் நர்ஸ் வேலை கிடைத்தபோது நானும் காணிக்கை உறையில் எழுதிப் போட்டேன். அதுவும் தேவன் தந்ததுதான். ஆனால் அதை மட்டுமே சாட்சி என்று அழைக்க உங்களுக்கு அதிகாரம் கொடுத்தவர் யார்?

எபிரெயர் பதினோராம் அதிகாரத்தை விசுவாச வீரர்களின் பட்டியல் என்று பிரசங்கிக்கிறோம். செங்கடலைக் கடந்தவர்கள், எரிகோ மதிலை விழச் செய்தவர்கள், சிங்கங்களின் வாயை அடைத்தவர்கள் வரை வந்து நிறுத்திக்கொள்கிறோம். பட்டியல் அங்கே முடியவில்லை. அதே மூச்சில், கல்லெறியுண்டவர்கள், வாளால் அறுப்புண்டவர்கள், ஆட்டுத்தோலைப் போர்த்துக்கொண்டு குகைகளில் அலைந்தவர்கள் வருகிறார்கள். இவர்களெல்லாரும் விசுவாசத்தினாலே நற்சாட்சி பெற்றும், வாக்குத்தத்தம் பண்ணப்பட்டதை அடையாமற்போனார்கள் என்று எழுதியிருக்கிறது. நற்சாட்சி! நீங்கள் தாள் கொடுத்துக் கேட்கிற 'சாட்சி' என்ற அதே சொல். அடையாதவர்களுக்கு வேதம் கொடுத்த சொல்லை, அடைந்தவர்களுக்கு மட்டும் என்று கமிட்டி தீர்மானம் போட்டிருக்கிறது. பெரிய வெள்ளியன்று, சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளைப் பங்கிடும்போது நான்காவது வார்த்தையைப் பேச நம் ஊரில் ஆள் தேடித் திரிவீர்களே, ஐயரவாள். 'ஏன் என்னைக் கைவிட்டீர்' என்பதைப் பேச ஏன் எல்லாரும் தயங்குகிறார்கள் என்பதற்கு இந்தத் தீர்மானமே விளக்கம்.

நான் கேட்பது இவை. 'ஜெயம் பெற்றவர்கள் மட்டும்' என்ற தீர்மானத்தைப் பண்டிகைக்கு முன் கூடும் கமிட்டிக் கூட்டத்தில் ரத்து செய்யுங்கள். ரத்து செய்ததை ஞாயிறு ஆராதனையில் அறிவிப்பு நேரத்தில் வாசியுங்கள். சாட்சித் தாளில் சங்கக் காணிக்கைக் கணக்கைக் கேட்கிற கோட்டை எடுத்துவிடுங்கள். பாக்கி வைத்திருக்கிறவனுக்கும் கர்த்தர் ஏதாவது செய்திருக்கலாம். ஒரு வீட்டில் கடை மூடினாலோ, வேலை போனாலோ, பிள்ளை தேர்வில் தவறினாலோ, சாவு வீட்டுக்குப் போவதுபோல மூன்று நாளுக்குள் இரண்டு பேர் போக வேண்டும் என்று ஏற்பாடு செய்யுங்கள். போகிறவர்கள் சாப்பாடு கொண்டுபோகட்டும். மறைவான பாவம் உண்டா என்ற கேள்வியைக் கொண்டுபோக வேண்டாம். மாதத்தில் ஒரு ஞாயிறாவது 88ஆம் சங்கீதம் போன்ற புலம்பல் சங்கீதங்களில் ஒன்றைச் சபையாக வாசிக்க வழி செய்யுங்கள். வருஷப்பிறப்பு அட்டையை நிறுத்தச் சொல்லவில்லை. அதில் வசனத்தோடு, முழு அதிகாரத்தையும் வாசிக்கவும் என்று ஒரு வரி சேருங்கள். ஏலத்தில் அதிகம் கூவுகிறவரின் பெயரை மூன்று தரம் சொல்லுவதையும் விட்டுவிடலாம். அது என்னை என்ன செய்தது என்று எனக்குத் தெரியும்.

கணக்கில் தவறிய அந்தப் பையன் வீட்டுக்கு யாரும் போகக் காத்திருக்காமல் நானும் உபதேசியாரும் வருகிற வியாழக்கிழமை மாலை போகிறோம். கமிட்டியிலிருந்து ஒருவர் கூட வந்தால் நல்லது. முறுக்கு நான் வாங்கி வருகிறேன்.

பண்டிகைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. நீங்கள் திருப்பியனுப்பிய தாளையே இந்த மடலோடு மறுபடி இணைத்திருக்கிறேன். சிவப்புக் கோட்டுக்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. 'பெற்ற நன்மை' என்பதற்கு நேராக, அதே சொல்லை இன்னொரு தரம் எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
மூன்றாவது தூணருகே உட்காரும் சபையான்